பெயின்ட் சைஸை போர்டுல எழுதிப் போடுங்க: ஃபீல்டு நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெயின்ட்பால் (சாயம் நிரப்பின உருண்டையை சுட்டு ஆடற விளையாட்டு) ஃபீல்டு ஓனர்களுக்கும், டோர்னமென்ட் நடத்துறவங்களுக்கும், க்ரோனோ (உருண்டையோட வேகத்தை அளக்கற கருவி) டேபிள்ல உக்காந்திருக்கற ரெஃப்ரிகளுக்கும் வணக்கம்.

'ஃபீல்டு பெயின்ட் மட்டும்தான்'ங்கற ரூல் ஏன் வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அதை இங்க கிளறப் போறதில்ல. வெளிய இருந்து பெயின்ட் கொண்டு வரக்கூடாதா, சரி, வரல. உங்ககிட்டயே வாங்கறோம். ஆனா நீங்க எங்க கையில குடுக்கற உருண்டை இன்னைக்கு என்ன சைஸ்ல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு குடுங்கன்னுதான் இவ்வளவு நாளா கேட்டுட்டு இருக்கோம். 'எல்லாம் பாயின்ட் சிக்ஸ் எய்ட்டுதாம்பா'ன்னு (0.68 அங்குலம்) ஒரே பதில். அந்த பதிலாலதான் போன டோர்னமென்ட்ல எங்க டீம் பையன் ஒருத்தன் திருட்டுப் பட்டம் வாங்கிட்டு வந்து நிக்கிறான்.

நடந்தது இதுதான். புதுசா சேர்ந்த பையன், சொந்தமா மார்க்கர் (உருண்டையை சுடற துப்பாக்கி) வாங்கி முதல் தடவையா போட்டியில ஆடுறான். மார்க்கரோட வந்த பேரல்தான், போர், அதாவது குழலோட உள் விட்டம், 0.689 அங்குலம். காலையில உங்க டேபிள்ல குடுத்த பெயின்ட் ரொம்ப பொடிசு. என் இன்சர்ட் செட்ல (பேரலுக்குள்ள சொருகற, வேற வேற உள் விட்டம் இருக்கற குழாய்கள்) போட்டுப் பார்த்தேன், 0.682 இன்சர்ட்லயே வழுக்கிட்டு போச்சு, 0.679லதான் நின்னுச்சு. அவன் பேரல்ல அது கடகடன்னு ஆடுது, க்ரோனோவுல வேகம் ஏறவே மாட்டேங்குது. உங்க ரெஃப்ரி முன்னாடியே வேகத்தை கூட்டற ஸ்க்ரூவை திருகித் திருகி 288 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 288 அடி) கொண்டு வந்தோம், அவரும் ஓகே சொல்லி டேக் ஒட்டினார். மத்தியானம் பெயின்ட் தீர்ந்து புது கேஸ் உடைச்சீங்க. அதே பேரு, அதே அட்டை, அதே பிரின்ட். உள்ள இருந்தது வேற. 0.687 இன்சர்ட்ல பிடிச்சு நிக்குது, அதாவது அவன் பேரலுக்கு கிட்டத்தட்ட அளவெடுத்து செஞ்ச மாதிரி. ஆட்டத்துக்கு நடுவுல ரெஃப்ரி கையில வச்சிருந்த க்ரோனோவால செக் பண்றார், 306, லிமிட் 300. பையன் வெளிய, டீமுக்கு பெனால்டி, அந்த பாயின்ட் போச்சு.

பாயின்ட் போனது கூட பரவால்லங்க. "டேக் வாங்கினப்புறம் ஸ்க்ரூவுல கை வச்சியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க பாருங்க, அவன் ஸ்க்ரூவை திருகற ஆலன் கீயை பேக்ல இருந்து எடுக்கவே இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கறான், முழிக்கறதைப் பார்த்து 'அப்ப பண்ணிருக்கான்'னு முடிவு பண்ணிட்டாங்க. பெயின்டை மாத்துனது நீங்க, ஏமாத்துக்காரன்னு பேரு வாங்குனது அவன்.

வெயில்ல வேகம் ஏறிருக்கும்னு சொல்லிடாதீங்க, அவன் போட்டிருந்தது ஹெச்பிஏ (உயர் அழுத்தக் காத்து) டேங்க், சூட்டுல அழுத்தம் ஏறி ஆட்டம் காட்டறது சிஓ2வோட பழக்கம். இது சுத்தமா பேரல் ஃபிட் விஷயம், உங்களுக்கு தெரியாததும் இல்ல. 0.689 போர்ல 0.679 உருண்டை உக்காந்தா குறுக்குவெட்டுல ஏறக்குறைய 3 சதவீதம் திறந்து கிடக்கு, தள்ள வேண்டிய காத்து அந்த சந்து வழியா உருண்டைக்கு முன்னாடியே ஓடிடுது. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஓடாது, உருண்டை எந்த பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கு, தையல் எந்தப் பக்கம் இருக்குங்கறதைப் பொறுத்து மாறும். அதனால ஒரு ஷாட் 290 காட்டும், அடுத்தது 270 காட்டும். அந்த நஷ்டத்துக்கும் சேர்த்து ஸ்க்ரூவை ஏத்தி வச்சிருக்கோம், அப்புறம் சந்தை அடைக்கற சைஸ்ல உருண்டை வந்தா வேகம் எங்க போகும்? மேலதான் போகும்.

300க்கு மேல போகக்கூடாதுங்கறதுல எங்களுக்கு ஒரு சண்டையும் இல்ல, கண்ணு விஷயம், அதுல விளையாட முடியாது. அந்த லிமிட்டை மதிக்கணும்னா லிமிட்டை தாண்ட வைக்கற பெயின்டை பத்தி எங்களுக்கு முன்கூட்டியே தெரியணும், அவ்வளவுதான். சைஸை எழுதிப் போடுங்க.

குறி பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா நாங்க சைஸ்னு வாயைத் திறந்தாலே "குறி வைக்கத் தெரியாதவன் பேரலை குத்தம் சொல்லுவான்"னு ஒரு சிரிப்பு வருது உங்க பக்கத்துல இருந்து. ஃபிட் சரியா இருந்தா உருண்டை நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும்னு நான் சொல்ல வரல. அது பேரல் விக்கறவங்க சொல்ற கதை. உருண்டையே கோணலா இருந்தா, தையல்ல மேடு இருந்தா, ஒரு பக்கம் அமுங்கி இருந்தா, எந்த பேரல்ல விட்டாலும் அது வளைஞ்சுதான் போகும், இடது வலது சிதறலுக்கு முக்கால்வாசி காரணம் பெயின்ட்தான். ஆனா மேல கீழ சிதறல் வேகத்தால வருது, வேகம் ஃபிட்டால ஆடுது. கணக்கு போட்டுப் பாருங்க, 100 அடி தூரத்துல 300ல போற உருண்டைக்கும் 280ல போற உருண்டைக்கும் விழற உயரத்துல 3 அங்குலத்துக்கு மேல வித்தியாசம், இது காத்துத் தடையை கணக்குல எடுக்காமலே. காத்தையும் சேர்த்தா இன்னும் கூடும். பங்கருக்கு (ஒளிஞ்சு ஆடற தடுப்பு) மேல தெரியறது எதிராளியோட மாஸ்க்ல பாதி, அதுக்கு 3 அங்குலம்ங்கறது அவுட்டுக்கும் தப்பிச்சதுக்கும் நடுவுல இருக்கற தூரம்.

அதோட ரோல் அவுட் தனி கொடுமை. லூசான பேரலை கொஞ்சம் கீழ சாய்ச்சா போதும், டீடென்ட் (உருண்டையை இடத்துல பிடிச்சு வைக்கற சின்ன தடுப்பு) தேஞ்சிருந்தா உருண்டை தானா முன்னாடி உருண்டு போயிடும், சிலது வெளியவே விழும். ட்ரிகரை அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து மட்டும் வரும். உங்க ரென்டல் மார்க்கர்ல பாதிக்கு இந்த வியாதி. எந்த பெயின்ட் வந்தாலும் உள்ள உடையக்கூடாதுன்னு பெரிய போர் பேரலா மாட்டி வச்சிருக்கீங்க, அது புரியுது, பத்து பேர் பேரல்ல பெயின்ட் உடைஞ்சா சுத்தம் பண்றது உங்க ஆளுங்கதான். ஆனா அதுல பொடி பெயின்டை போட்டு முதல் தடவை ஆட வந்தவன் கையில குடுத்துட்டு, அவன் அடி எங்கயோ போறப்ப "பிராக்டிஸ் பண்ணுங்க தம்பி"ன்னு சொல்றது என்ன நியாயம்?

சைஸ் மாறறதுக்கு நீங்க காரணம்னு நான் சொல்லல. ஜெலட்டின் தோல், உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால், மீன் எண்ணெய் மாத்திரை செய்யற அதே வழியிலதான் இதையும் உருட்டறாங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து உப்பும், காஞ்சா சுருங்கும், குளிர்ல வெடுக்குன்னு உடையும். பேட்ச்சுக்கு பேட்ச் மாறும், 0.675ல இருந்து 0.690 தாண்டியும் வரும், எல்லாத்து மேலயும் 0.68ன்னுதான் அச்சடிச்சிருக்கும். இதெல்லாம் சரி. ஆனா திறந்த கேஸை ராத்திரி முழுக்க ஈரத்தரையில வச்சுட்டு மறுநாள் காலையில அதையே விக்கறது எந்த கணக்குல வருது? அட்டைப்பெட்டியை அப்பப்ப திருப்பி வைக்கணும், இல்லன்னா அடியில இருக்கறது தட்டையாகும்னு பெயின்ட் விக்கற உங்களுக்கு நாங்களா சொல்லணும்? "நீளமான பேரல் வாங்குங்க, குறி சரியாகும்"னு கவுன்டர்ல சொல்லி விக்கறீங்களே, உருண்டை முதல் எட்டு பத்து அங்குலத்துலயே வாங்க வேண்டிய வேகத்தை வாங்கிடும், மிச்ச நீளம் சத்தத்தை குறைக்கவும் பங்கர் ஓரத்தை தள்ளிப் பிடிக்கவும்தான் உதவும்னு அங்கயே சொன்னா வியாபாரம் கெட்டுடுமோ?

1981ல அமெரிக்காவுல ஹெனிகர் காட்டுல 12 பேர் சேர்ந்து ஆடினாங்களே பெயின்ட்பாலோட முதல் ஆட்டம், மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் வைக்கற நெல்ஸ்பாட் துப்பாக்கியை வச்சுட்டு, அதுல ஜெயிச்ச ரிச்சி வைட் ஒரு உருண்டை கூட சுடாமலே கொடிகளை எடுத்துட்டு வந்து ஜெயிச்சார். உங்க பெயின்ட் போற போக்கைப் பார்த்தா எங்களையும் அந்த வழிக்குத்தான் தள்றீங்கன்னு தோணுது. சுடாம ஆடினா க்ரோனோவும் வேண்டாம், பெனால்டியும் இல்ல.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்க வந்ததை ஒழுங்கா கேட்டுடறேன்.

காலையில கேஸ் உடைச்சதும் ஒரு பத்து உருண்டையை எடுத்து சைஸர்ல (உருண்டை சைஸ் அளக்கற கருவி) போட்டுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு போதாது, உருண்டை முழு வட்டமா இருக்காது, திருப்பித் திருப்பி போட்டு பெரும்பாலானது எங்க நிக்குதோ அதை எடுத்துக்கங்க. அந்த நம்பரை பெயின்ட் டேபிள்லயும் க்ரோனோ டேபிள்லயும் பெருசா எழுதி வைங்க. இன்சர்ட் வச்சிருக்கறவன் மாத்திக்குவான், இல்லாதவன் தன் பேரல் லூசா டைட்டான்னாவது தெரிஞ்சுக்குவான். நடுவுல வேற பேட்ச் உடைச்சா மைக்ல சொல்லுங்க, நம்பரை அழிச்சு புதுசா எழுதுங்க, எல்லாரும் ஒரு தடவை மறுபடி க்ரோனோ பண்ணிக்க அஞ்சு நிமிஷம் குடுங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறமும் 300 தாண்டறவனை தாராளமா வெளிய அனுப்புங்க, நாங்களே கைதட்டறோம். பேட்ச் மாறினது தெரியாம மாட்டினவனுக்கு மட்டும் பெனால்டி போடாதீங்க. க்ரோனோ டேபிள்ல ஒரு சைஸர் எப்பவும் இருக்கட்டும், யார் வேணும்னாலும் எடுத்து போட்டுப் பார்க்கற மாதிரி. ரென்டல் மார்க்கருக்கும் ரெண்டு சைஸ்ல பேரல் வச்சுக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, முடியலன்னா தேஞ்ச டீடென்டையாவது மாத்துங்க.

அந்தப் பையன் விஷயத்துல போன பாயின்டை திருப்பிக் கேக்கல, ஆட்டம் முடிஞ்சு போச்சு. மத்தியானம் பேட்ச் மாறினது உண்மைன்னு உங்க பெயின்ட் டேபிள் ஆளுங்களுக்கே தெரியும், அதை ஸ்கோர் ஷீட்ல ஒரு வரி எழுதி, அவன் பேருக்கு எதிர்ல இருக்கற 'ஏமாத்து' குறிப்பை மட்டும் எடுத்துடுங்க. அடுத்த போட்டிக்கு பேரு குடுக்கவே தயங்கறான்.

சைஸர் இல்லன்னா எங்கக்கிட்ட எட்டு சைஸ் இன்சர்ட் இருக்கு. க்ரோனோ ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நாங்களே அளந்து எழுதித் தர்றோம், போர்டும் மார்க்கர் பேனாவும் மட்டும் நீங்க குடுங்க. தயவுசெஞ்சு அடுத்த டோர்னமென்ட்டுக்கு முன்னாடி ஒரு பதில் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பெயின்டையே வாங்கி ஆடுற டீம்ல ஒருத்தன்