இஸ்தான்புல் நகரத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மூட்டுத் தேய்மானத்தால் கைத்தடி இல்லாமல் நடக்க இயலாத என் தாயாரை அழைத்துக்கொண்டு, இஸ்தான்புல் நகரின் சந்தைகளையும் பழம்பெரும் கட்டடங்களையும் ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்த்தேன். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்ற, எந்நேரமும் பரபரப்பாக இயங்குகின்ற அந்நகரில், அவருடைய மெதுவான நடைக்காக முகம் சுளிக்காமல் காத்து நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். என் தாயார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் (இஸ்தான்புல்லின் பழைய பெயர்) துருக்கியர் வசமான வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய அவருக்கு, அந்த ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டு, இன்று பள்ளிவாசலாக இருக்கும் ஹாகியா சோஃபியாவில் வெளிநாட்டுப் பயணிகள் இப்போது மேல்மாடத்துக்கே அனுப்பப்படுகிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அம்மாவின் கைத்தடியைக் கவனித்து, "மேலே ஏறுவது இவருக்குக் கடினம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட ஊழியருக்கு முதல் நன்றி. அந்தக் குவிமாடத்தை வெளியிலிருந்தே நெடுநேரம் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் சுல்தான் அகமது பள்ளிவாசலுக்குச் சென்றோம்.

1616இல் நிறைவடைந்த அந்தப் பள்ளிவாசலின் உட்சுவர்களில் இஸ்னிக் நகரத்துச் சூளைகளில் உருவான ஓடுகள் 20,000க்கும் மேல் பதிக்கப்பட்டிருக்கின்றன. சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்ற அம்மாவுக்கு ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வெளியே வந்ததும், குனிந்து காலணி மாட்ட முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அருகிலிருந்த ஓர் இளம்பெண் சட்டென்று தரையில் மண்டியிட்டு, அம்மாவின் பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து, காலணியின் வாரை இழுத்து மாட்டிவிட்டார். அம்மா பதறிப்போய்த் தடுத்தார். அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே மற்றக் காலுக்கும் மாட்டிவிட்டுத்தான் எழுந்தார். மகளே, உன் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து, கப்பாலி சார்ஷி எனப்படும் பெருஞ்சந்தை. 1453இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் காலத்தில் தொடங்கி, 60க்கும் மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ 4,000 கடைகளுமாக வளர்ந்து நிற்கும் அந்தக் கூரையிட்ட சந்தை, தூண்களுக்கு நடுவே தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் நிறைந்திருந்த எங்கள் மதுரைப் புதுமண்டபத்தை அம்மாவுக்கு நினைவூட்டியது. நெரிசலில் தளர்ந்துபோன அவரைக் கண்ட கம்பளக் கடைக்காரர் ஒருவர், பெரியம்மா முறை வைத்து அழைத்து, முக்காலியில் உட்காரவைத்து, தேநீருக்குச் சொல்லியனுப்பினார். தொங்கு தட்டில் இடை சிறுத்த கண்ணாடிக் கோப்பைகள் தளும்பாமல் வந்தன. ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டிகள். அவர் ஒரு கம்பளத்தைக்கூட விரித்துக் காட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்; வெளிநாட்டுச் சந்தைக்காரர்களைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சுகளை நம்பி, முதியோரை அழைத்துச் செல்லத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். மஹ்மூத்பாஷா சரிவு வழியே நடந்து கடற்கரைக்கு இறங்கிவிடலாம் என்றிருந்த எங்களை, அந்த இறக்கம் முழங்காலுக்கு ஆகாது என்று தடுத்து, தம்மிடம் தொழில் பழகும் பையனைத் துணைக்கு அனுப்பி, பெயாஸித் நிறுத்தத்தில் டிராம் ஏற்றிவிடச் செய்தார். டிராமில் உட்கார இடம் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. ஏறியவுடன் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.

கடற்கரையோரப் பகுதியான எமினோனுவில் இருக்கும் மசாலாச் சந்தை 1660களில் கட்டப்பட்டது. அதன் கடை வாடகை பக்கத்திலுள்ள யெனி பள்ளிவாசலின் பராமரிப்புக்கென்று விடப்பட்டது. மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாம் கூம்பு கூம்பாகக் குவிந்திருந்த அங்கே அம்மா முதன்முறையாகச் சோர்வை மறந்து நடந்தார். மலிவாகக் கிடைத்த செந்நிற இதழ்களைக் குங்குமப்பூ என்று எண்ணி அம்மா கை நீட்டியபோது, "அது குசும்பப்பூ, நிறம் மட்டும்தான் தரும்" என்று தன் சரக்கைப் பற்றித் தானே உண்மை சொன்ன வணிகரை நாங்கள் மறக்க மாட்டோம். அவர் உள்ளங்கையில் வைத்து முகரச் செய்த சுமாக் என்ற உலர்பழப் பொடியின் புளிப்பு மணத்துக்காகவே அதில் கால் கிலோ வாங்கினோம்.

மாலையில் ஆசியக் கரையிலுள்ள காதிகோய் செல்லும் படகில் ஏறினோம். அலையில் ஆடிய பலகையின்மேல் அம்மாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, பின்னோக்கி ஒவ்வோர் அடியாக நடந்து அவரை உள்ளே அழைத்துச் சென்ற படகுப் பணியாளருக்கும், அதுவரை பின்னால் பொறுமையுடன் நின்ற பயணிகளுக்கும் எங்கள் வணக்கம். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு அரை மணிக்கும் குறைவான அந்தக் கடற்பயணத்தில், சுல்தான்கள் வாழ்ந்த டோப்காபி அரண்மனை இருக்கும் முனையைக் காட்டிக்காட்டி அம்மா எனக்குப் பாடம் நடத்தினார்.

இம்மடலின் துருக்கி மொழிபெயர்ப்பைக் கம்பளக் கடைக்காரர் தந்த முகவரி அட்டையைக் கொண்டு அவருக்கு அனுப்பிவைக்கிறேன். மற்றவர்களின் பெயரும் முகவரியும் தெரியாததால், அவர்களுக்குரிய நன்றியை இவ்வாறு பொதுவில் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
மதுரையிலிருந்து ஒரு தாயும் மகனும்