தோசை சுடத் தெரிந்த செயலி

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்று சமையல், மளிகைக் கடை, டாக்டர் என்று பாவனை விளையாட்டுச் செயலிகள் பிளே ஸ்டோரில் குவிந்து கிடக்கின்றன. 'கற்பனைத் திறன் வளரும்' என்ற வரி எதிலும் தப்புவதில்லை. ஆனால் பலவற்றில் கற்பனைக்கு வேலையே கிடையாது. மழலையர் வகுப்பு நடத்துகிறவர்கள் என்ற முறையில், செயலியைப் பதிவிறக்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

தோசை சுடும் செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். மாவை ஊற்று, எண்ணெய் விடு, திருப்பிப் போடு என்று அம்புக்குறி காட்டும். வரிசை மாறினால் திரை நகராது. முடித்தால் மூன்று நட்சத்திரம். இதில் பிள்ளை பழகுவது சொன்னபடி செய்வதை. கொட்டாங்குச்சியில் மண்ணை அடைத்துக் கவிழ்த்து, "இட்லி சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, மண்ணை மண் என்று தெரிந்துகொண்டே இட்லியாக நடத்துகிறது. குச்சி குதிரையாகும் இந்த இடத்தில்தான் பொருளிலிருந்து அதன் அர்த்தம் தனியே பிரிகிறது என்று சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இல் விளக்கினார். திரையில் தோசை முதலிலிருந்தே தோசைதான். பிள்ளை சேர்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டோக்கா போக்கா நிறுவனம் 2011-இல் ஒரு தேநீர் விருந்துச் செயலி வெளியிட்டது. ஐபேடைத் தரையில் படுக்க வைத்தால் அது விரிப்பு. சுற்றிலும் பொம்மைகளையோ பாட்டியையோ உட்கார வைக்கலாம். பானம் சிந்தினால் துடைக்கலாம், கடைசியில் பாத்திரம் கழுவலாம். மதிப்பெண் இல்லை, நேரக்கெடு இல்லை. யார் வந்திருக்கிறார்கள், எதற்கு விருந்து என்பதெல்லாம் பிள்ளைகள் வாயிலிருந்து வரவேண்டியவை. நம் செப்புச் சாமானுக்கும் இதே இலக்கணம்தான்.

எனவே பிள்ளை கையில் கொடுக்கும் முன் பத்து நிமிடம் நீங்களே விளையாடுங்கள். வேண்டுமென்றே தப்பாகச் செய்யுங்கள்: நோயாளிக்குப் பதில் நாற்காலிக்கு ஊசி போடுங்கள், குழம்பில் செருப்பைப் போடுங்கள். செயலி அதற்கும் இடம் கொடுத்தால் நல்லது. 'தவறு' என்று மணி அடித்தால் நீக்கிவிடுங்கள். அடுத்து, ஒரு பொருளை இழுத்துப் பாதி வழியில் விரலை எடுங்கள். அது பழைய இடத்துக்கே பறந்து போனால் மூன்று வயதுக்கு அது ஆகாது. அந்த வயதில் விரல் கட்டாயம் நடுவில் எழும்பும். உள்ளங்கை ஓரத்தில் பட்டாலும் சில திரைகள் குழம்பிவிடும், பிள்ளையோ தன் மேல்தான் பிழை என்று நினைக்கும். டேப்லெட்டுக்கு விளிம்பு தடித்த உறை போட்டுத் தரையில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பிளே ஸ்டோரில் பெயருக்கு அடியில் 'விளம்பரங்கள் உள்ளன', 'செயலிக்குள் வாங்கலாம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டுப் படம் போட்ட பொம்மைகள் நிறைந்த செயலியில் விளையாட்டு பத்து நிமிடம், அடம் அரை மணி நேரம். விமானப் பயன்முறையில் திறந்து பாருங்கள். இணையமில்லாமல் ஓடுகிற செயலியே போதும். அப்போது புது விளம்பரமும் இறங்காது. வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் செயலியைத் திரையில் 'பின்' செய்யும், அதாவது பிள்ளை அதை விட்டு வெளியே போகாதபடி நிறுத்தும் வசதி உண்டு. அதை விடுவிக்க ரகசிய எண் (PIN) கேட்கும்படியும் வையுங்கள். ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்' (Guided Access) என்ற வசதி மூலம் கடைப் பொத்தான் இருக்கும் இடத்தை வட்டமிட்டுச் செயலிழக்கச் செய்யலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பு: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். சோறூட்டும்போது ஓடும் தொலைக்காட்சியும் இந்தக் கணக்கில் சேரும். செயலிக்குப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு டேப்லெட்டை அணைத்து அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பிடி புளியங்கொட்டையும் நான்கு கிண்ணமும் வையுங்கள். அணைந்த திரை கடைக் கல்லாவாகவோ தோசைக்கல்லாகவோ மாறிவிடும்.

விடுமுறை நாள்களில் சிறுவர் செயலிகளை உங்கள் நாளிதழ் அறிமுகப்படுத்தும்போது விளம்பரம் உண்டா, உள்ளே பணம் கேட்குமா, இணையமின்றி ஓடுமா என்ற மூன்று விவரங்களையும் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறோம்.

மழலையர் பள்ளி ஆசிரியைகள்,
திருச்சி.