நூலக அறைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நூலக அறை வேலை முடிந்து, புத்தகங்கள் பிள்ளைகள் கையில் புழங்கத் தொடங்கிவிட்டன. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் தலைமையாசிரியர் அறையில் இருக்கின்றன, எவரும் பார்க்கலாம். செய்த வேலையும் அதன் காரணமும் இனிக் கவனிக்க வேண்டியவையும் கீழே.

மேற்குச் சுவரில் ஓதம் ஏறி இரண்டடி உயரம்வரை பூச்சு பொரிந்திருந்தது. அதைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நீர்காப்புக் கலவை சேர்த்துப் பூசினோம். வெளியே மழைநீர் சுவரடியில் நிற்காதபடி தரையைச் சரித்ததுதான் முக்கியமான வேலை. தண்ணீர் அங்கே தேங்கினால் உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது. அலமாரிகள் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கின்றன. அந்த இடுக்கில் எதையும் செருகி வைக்க வேண்டாம். காற்று ஓட வேண்டும், கரையான் மண்கோடு ஏறினால் உடனே கண்ணில் பட வேண்டும்.

இரும்பு பீரோ இரண்டும் அறையை விட்டுப் போய்விட்டன. பிள்ளைகளின் பதினாறு பக்கப் புத்தகத்துக்குப் பெயர் போடும் முதுகு விளிம்பு என்று ஒன்றே கிடையாது. பீரோவில் அடுக்கினால் அது எந்தப் பிள்ளையின் கண்ணிலும் படாது. இப்போது இருப்பவை அட்டை முகம் காட்டும் சாய்தட்டுகள், முக்கால் அங்குல நீர்தாங்கும் பிளைவுட். தட்டின் ஆழம் மூன்று அங்குலம், முன்தடுப்பு ஒன்றரை அங்குலம். தடுப்பு அதற்கு மேல் உயர்ந்தால் அட்டைப் படம் மறைகிறது, குறைந்தால் புத்தகம் நழுவுகிறது. பின்பலகை சற்றே பின்னால் சாய்ந்திருக்கிறது. நேராக நிறுத்தினால் மெல்லிய அட்டை முன்பக்கம் வளைந்து மடங்கும். மேல்தட்டு தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் தானே எடுக்கலாம். பிள்ளைகள் பிடித்துத் தொங்கினாலும் கவிழாதிருக்க, சுவரோடு கிளாம்பு போட்டு முடுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தத் திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முகம் காட்டி வைத்தால் இடம் நிறையப் பிடிக்கும். ஆகவே ஒரு நேரத்தில் 48 புத்தகங்கள்தான் தட்டில். மற்றவை மூடியுள்ள பெட்டிகளில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்ற வேண்டும். இந்த அறை உயிரோடு இருப்பதும் பாழாவதும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. தட்டு மாறாத நூலகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பேசுவார்களே தவிரப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். யாரும் எடுக்காத புத்தகத்தை உடனே ஒதுக்கிவிடாமல், ஆசிரியர் ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு மறுபடி தட்டில் வைக்கட்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதி வைத்தார். அந்த வாசகரைத் தேடிப் போவது நம் வேலை.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்களோடு மற்றவற்றையும் அதே நான்கு நிலைகளில் பிரித்து, அட்டையின் மேல் இடது மூலையில் வண்ண ஒட்டி போட்டிருக்கிறோம். இது ஆசிரியர் கைகாட்டுவதற்கு மட்டுமே. ‘நட’ நிலையிலுள்ள பிள்ளை ‘பற’ புத்தகத்தைப் படத்துக்காக எடுத்தால் தடுக்கக் கூடாது.

பழுது பார்த்ததில் பெரும்பகுதி கம்பிப் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். ஈரக்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும்; நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். துருப்பின்னைப் பிடுங்கிவிட்டு, மடிப்பில் மூன்று துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்தோம். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வரும், மேல்துளையில் உள்ளே போகும், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வரும். நீளவாட்டில் ஓடும் நூலின் இருபுறமும் இரண்டு நுனிகளையும் நிறுத்தி முடிச்சிட்டால் தையல் தளராது. கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடிக்கும். மெல்லிய தாளும் துளி பெவிகாலும் போதும். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதை நிறுத்திவிட்டோம். சிறுபிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்து. பெட்டிகளில் வசம்புத் துண்டுகளை வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து தட்டித் துடைப்பது அதைவிடப் பலன் தரும்.

புத்தகம் வீட்டுக்குப் போகும். நூறு பக்க நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம், பதிவை அவர்களே எழுதுவார்கள். மழை மாதங்களில் பட்டன் ஃபைலில் போட்டுக் கொடுக்க வேண்டும். நனைந்து வந்தால் வெயிலில் வைக்காமல், வழவழப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுமுன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிழலில் மின்விசிறியின் கீழ் நிறுத்துங்கள். தொலைந்ததற்கோ கிழிந்ததற்கோ அபராதம் இல்லை. அபராதத்துக்குப் பயந்து புத்தகமே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் புத்தகம் முதலில் போய்ச் சேர வேண்டும்.

நன்கொடையாகக் கைடு, பழைய பாடநூல், போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

வடக்குச் சன்னலுக்கு மேல் சாரல் தடுப்பு மட்டும் பாக்கி. ஐப்பசி மழை பிடிக்குமுன் போட்டாக வேண்டும். அதுவரை அந்தச் சன்னலை ஒட்டிய தட்டை மாலையில் காலி செய்துவிடும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்