டீ-போல்ட் கிளாம்ப் தந்தவருக்கு நன்றி

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்ற மோட்டார் பந்தயத்தின் பயிற்சியன்று விடியுமுன் டார்ச் அடித்து எங்கள் இன்டர்கூலர் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) ஹோஸைத் தொட்டுக் காட்டி, ஒரு டீ-போல்ட் கிளாம்பையும் (நட்டை முறுக்கி இறுக்கும் பட்டை) தந்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போன நண்பருக்கு நன்றி.

2,862 மீட்டரில் கிளம்பி 4,302 மீட்டரில் முடிகிற பாதை. ஏற ஏறக் காற்று மெலியும். அதே பூஸ்டை, அதாவது காற்றழுத்தத்தை, பிடிக்க இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் காற்றும் கூடுதலாகச் சூடாகும். ஹோஸுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த அழுத்தத்தில், கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கிக் கழன்றுவிடும். நீங்கள் சொன்னபடி ஹோஸின் உட்புறத்தையும் குழாயையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிட்டு, குழாய் முனையின் மேட்டைத் தாண்டி நீங்கள் தந்த கிளாம்பைப் போட்டோம். (சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் இதற்குச் சரிப்படாது.) போட்டியன்று 156 வளைவுகளிலும் ஹோஸ் அசையவே இல்லை.

உங்கள் 11 மி.மீ. சாக்கெட் எங்கள் டூல்பாக்ஸில்தான் இருக்கிறது.