குழந்தை வரும் வீட்டுக்கு எந்த லென்ஸ்?

கும்பகோணம்,
புரட்டாசி

அன்பு மகளுக்கு,

அலமாரியில் நீ விட்டுச் சென்ற கேமராவையும் லென்ஸ்களையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டேன். உன் பிரசவத்துக்கு ஸ்டாக்ஹோம் வரும்போது லேகிய டப்பாவுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவே எத்தனை லென்ஸ் கொண்டுவர முடியும் என்று கேட்டிருந்தாய். என் பதில், இரண்டு. 20 மி.மீ. லென்ஸ் கேமராவிலேயே மாட்டியபடி வரும். 45 மி.மீ. லென்ஸ் பையில் வரும். (இந்த மி.மீ. எண் லென்ஸின் குவியத்தூரம். எண் கூடக்கூடக் காட்சி குறுகி, பொருள் பெரிதாகத் தெரியும்.) மற்றவை இங்கேயே இருக்கட்டும். அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜூம் லென்ஸ் இல்லாமல் ஒரு கேமராவா என்கிறார். அதனால் நான் பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கேமரா. உன் பானசோனிக் ஜிஎக்ஸ்85 நன்றாக இருக்கிறது. பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தது, ஆனால் வீங்கவில்லை. 2016-இல் வந்த மாடல், 16 மெகாபிக்சல்தான், புதிதாக ஒன்று வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வேண்டாம் என்று சொல். குழந்தையின் படத்தைச் சுவரில் பெரிதாக மாட்டவும் 16 மெகாபிக்சல் தாராளமாகப் போதும். பேட்டரியோடு சேர்த்து இதன் எடை 426 கிராம். பானசோனிக்கும் ஒலிம்பஸும் 2008-இல் சேர்ந்து அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை என்பதால் இரண்டு நிறுவனங்களின் லென்ஸ்களும் இதில் நேராகப் பொருந்தும். உன் 20 பானசோனிக், 45 ஒலிம்பஸ். படம் பதியும் சென்சார் 17.3 மி.மீ.க்கு 13 மி.மீ. அதன் மூலைவிட்டம் 35 மி.மீ. பிலிமின் மூலைவிட்டத்தில் பாதி. ஆகவே இந்த 20, பிலிம் கேமராவில் 40 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தைக் காட்டும். 45 என்பது 90 ஆகும். சென்சார் சிறியது என்பதால்தான் லென்ஸ்களும் உள்ளங்கையில் அடங்குகின்றன.

நான் எதை மனத்தில் வைத்துச் சோதித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறக்கப்போவது நவம்பரில். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். அதிலும் மேகம் மூடிக் கிடக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். குழந்தையின் முதல் மூன்று மாதங்கள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் கழியப் போகின்றன. கும்பகோணத்து வெயிலில் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். அதனால் என் சோதனையில் பெரும் பகுதியை விளக்கு வைத்த பிறகு, நம் கூடத்தில், ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் செய்தேன். பக்கத்து வீட்டுப் பேத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உன் 12-32 மி.மீ. ஜூம் லென்ஸை 32-இல் வைத்தால் ஒளி புகும் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. 20 மி.மீ. லென்ஸ் எஃப்/1.7 வரை திறக்கும். ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது, எனவே இந்த இரண்டு எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும். ஏறக்குறைய 11 மடங்கு வருகிறது. பிளஸ் டூ வகுப்பில் இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். கூடத்தில் ஒரு குழந்தையின் முகத்தில் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உறைத்தது. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கு 20 மி.மீ. லென்ஸில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு எண், 800 போதுமாக இருந்தது. அதே வேகத்துக்கு ஜூம் லென்ஸ் 8,000-க்கு மேல் கேட்டது. படத்தில் கன்னத்தின் மென்மை போய் மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. கேமராவுக்குள் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு இருக்கிறதே, மெதுவான ஷட்டரில் எடுக்கலாமே என்று அப்பா கேட்டார். அது என் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குழந்தை தலையைத் திருப்பினால் அதற்கு எதுவும் செய்யாது.

இந்த 12-32 மோசமான லென்ஸ் என்று நான் சொல்லவில்லை. வெறும் 70 கிராம், பகலில் அருமையாக எடுக்கிறது. தாராசுரம் கோயிலுக்குக் கொண்டுபோனேன். இராசகம்பீரன் திருமண்டபத்தின் தேர்ச் சக்கரத்தையும் குதிரைகளையும் 12-இல் ஒரே படத்தில் அடக்க முடிந்தது. ஆனால் அகலமாக, நல்ல வெளிச்சத்தில் எடுக்கும் படங்களை உன் ஃபோனே போதுமான அளவு நன்றாக எடுத்துவிடும். 70 கிராம் பெட்டிக்குப் பாரமில்லைதானே என்றால், என் கவலை எடை பற்றியதில்லை. எது கேமராவில் மாட்டியிருக்கிறதோ அதைத்தான் பயன்படுத்துவாய். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் லென்ஸ் மாற்றமாட்டார்கள். எனவே மாட்டியிருப்பது 20 ஆக இருக்கட்டும்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஃபோகஸ் மெதுவாக வருகிறது. உள்ளே ஒரு சிறு கண்ணாடி மட்டும் நகர்ந்தால் வேகமாக இருந்திருக்கும். இதில் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது, மெல்லிய முனகல் சத்தமும் கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சுட்டி எழுந்து ஓடியபோது பாதிப் படங்கள் மங்கிப்போயின. பிறந்த குழந்தை ஓடாது. தவழத் தொடங்கும்போது அங்கே கோடை வந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும். அப்போது இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

45 மி.மீ. லென்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 116 கிராமில் இப்படியொரு லென்ஸ் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். தாராசுரத்தில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்களே, அவற்றை இதனால் எடுத்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போனால் ஒவ்வொரு உருவமும் கல்லிலிருந்து எழுந்து நிற்கிறது. கேமராவின் திரையை மேல்நோக்கிச் சாய்க்க முடிவதால் நான் குத்துக்காலிட்டு உட்காரவும் தேவைப்படவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மழையும் வெயிலும் கண்ட கல்லில் உளி விட்டுப்போன கோடுகூடத் தெரிகிறது. இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் இந்தச் சிறிய அளவில் ஒரு முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்களே என்று வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது அவரைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும்.

வீட்டில் 45-க்கு என்ன வேலை என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். 2 மீட்டர் தூரத்தில் நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஏறத்தாழ 58 செ.மீ. அகலமும் 77 செ.மீ. உயரமும் படத்துக்குள் வரும். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உன் முகமும் மடியில் குழந்தையும் அடங்குவதற்கு அது சரியான அளவு. உங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் அந்த 2 மீட்டர் இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் அளக்கச் சொல். இருந்தால் அந்த லென்ஸ் அவர் கைக்கு. 20, உன் கைக்கு. அது சென்சாரிலிருந்து 20 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும், மடியில் கிடக்கும் குழந்தையின் விரல்களை நீயே எடுக்கலாம். 45-க்கு அரை மீட்டராவது வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், நீண்ட லென்ஸ் முகத்தை அழகாக்கும் என்பார்கள். முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸிலும் எடுத்து, 20-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி அருகில் வைத்துப் பார்த்தேன். மூக்கும் காதும் இரண்டிலும் ஒரே விகிதத்தில் இருந்தன. 20-ஐ வைத்துக்கொண்டு முகத்துக்கு மிக அருகே போகும்போதுதான் மூக்கு முந்தி வருகிறது. அதனால் 20-இல் முகம் எடுக்கும்போது ஓரடி பின்னால் போய்க்கொள். சுற்றிலும் கொஞ்சம் வீடும் சேர்ந்து விழும். அது நல்லதுதான்.

லென்ஸ்கள் கீழே விழுந்து, உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சுவரில் நாளிதழை விரித்து ஒட்டி, கேமராவைச் சுவருக்கு இணையாக வைத்து எடுத்தேன். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் கோளாறு. எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியே துளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எஃப்/16-க்குக் குறுக்கியபோது எழுத்துகள் எல்லா லென்ஸிலும் ஒரேபோல் மழுங்கின. விளிம்பு விளைவு, அதாவது சிறு துளையைக் கடக்கும் ஒளி விரிந்து பரவுவது. அந்தத் துளையில் ஒரு புள்ளி ஒளி, சென்சாரில் ஏறத்தாழ 21 மைக்ரான் வட்டமாக விரிகிறது. உன் கேமராவின் ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே எஃப்/8-க்கு மேல் குறுக்காதே.

நீளமான 45-150 ஜூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தின் உச்சியையும் குளத்துப் பறவைகளையும் நன்றாக எடுக்கிறது. வீட்டுக்குள் இருட்டு. குழந்தை பள்ளி மைதானத்தில் ஓடும் காலத்தில் கொண்டுவருகிறேன்.

அப்பாவின் பென்டாக்ஸ் கே1000-இல் இருந்த 50 மி.மீ. எஃப்/2 லென்ஸையும் உன் அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். பென்டாக்ஸ் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்க வேண்டும். உன் கேமராவில் இருக்கும் இடைவெளி 19.25 மி.மீ. மிச்சமுள்ள 26 மி.மீ. சொச்சத்தை நிரப்பும் வெறும் குழாய்தான் அந்த அடாப்டர், உள்ளே கண்ணாடியே கிடையாது. பழைய லென்ஸ் புதிய கேமராவில் வேலை செய்வதற்கு இவ்வளவுதான் காரணம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஓரத்தில் பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் முழுதும் பால்போல் வெளுக்கிறது. அப்பா பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அதைத் தனி டப்பாவில், மற்ற லென்ஸ்களிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா அந்த லென்ஸில்தான் எடுத்தார். இதற்காகவே உன் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒளியுணர்வு குறைந்த 100 ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) பிலிம் என்பதால் ஏறக்குறைய எல்லாப் படங்களும் வாசல் அறை ஜன்னலோரம்தான். இரவு நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை. நீ இரவெல்லாம் விழித்திருப்பாய், எங்களையும் தூங்கவிட மாட்டாய். அந்த நேரத்து உன் முகம் எங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. உன் குழந்தைக்கு அந்த நேரத்துப் படங்களும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எஃப்/1.7 துளையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் முழுக் காரணம்.

இரவில் பிளாஷ் வேண்டாம். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் எடுக்கும்போது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுக்கொள். அதில் ஒரு சிக்கல் உண்டு. டியூப்லைட்டும் சில எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அங்கேயும் இங்கேயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் இதில் வித்தியாசம் இல்லை. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் விழாது. இரண்டையும் நம் கூடத்தில் எடுத்து உறுதிசெய்துகொண்டேன்.

வெளிக் குளிரிலிருந்து கேமராவை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவரும்போது கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே வந்து வெப்பம் ஏறிய பிறகு பிரிக்க வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. உபரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும், அது என் பொறுப்பு.

தொட்டில் போடப்போகும் அறையை ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்பு, விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும்படி. எந்த லென்ஸ் வேண்டும் என்பதையும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு, ஐப்பசி பிறந்ததும் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவேன். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா