உப்பைக் கழுவிவிட்டு வா, பாப்பா

மதுரை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, அப்பத்தா எல்லோரும் சுகம். தெப்பம் நல்லபடியாக முடிந்தது. நீ கடலோரமாகச் சைக்கிளிலேயே கன்னியாகுமரி போய்ச் சேர்ந்த சேதியை அம்மா சொன்னாள். கூட வந்த மூவரும் ரயிலேறிவிட்டார்கள், நீ மட்டும் நாகர்கோவிலில் தோழி வீட்டில் இருக்கிறாய் என்றும் சொன்னாள். இரு. உடம்பு ஆற வேண்டும். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

வள்ளுவர் சிலை பின்னால் தெரிய நாலு பேரும் வண்டியோடு நிற்கிற படத்தை அம்மா காட்டினாள். மற்ற மூவரும் ஹேண்டில்பாரை முழுக்கையால் பிடித்திருக்கிறார்கள். உன் இடது கையில் மட்டும் மோதிர விரலும் சுண்டு விரலும் பிடியில் படாமல் நிற்கின்றன. கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். அதனால் கேட்காமலே எழுதுகிறேன், முழுவதும் படி.

அந்த இரண்டு விரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பை அல்நார் நரம்பு என்பார்கள். மணிக்கட்டைத் தாண்டியதும் அது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டில், மேலே சதைக் காப்பு அதிகமில்லாத இடத்தில் போகிறது. ஹேண்டில்பார் அழுத்துவது சரியாக அங்கேதான். ஒருநாள் ஓட்டம் என்றால் ராத்திரித் தூக்கத்தில் சரியாகிவிடும். நாள் கணக்கில் ஓட்டும்போது ராத்திரி போதாது, மரமரப்பு தங்கிவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போனால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை மடக்கியே வைத்து ஓட்டுவதால் வருவது. உனக்கு எது என்று நீயே பார்த்துக்கொள்.

ஒரு சோதனை இருக்கிறது. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே இடுக்கிக்கொள். தோழியை இழுக்கச் சொல். இரண்டு கையிலும் செய்து பார். இடது கையில் கட்டைவிரலின் நுனிக் கணுவை மடக்கினால்தான் தாள் நிற்கிறது என்றால், உணர்ச்சி மட்டுமல்ல, தசைக்குப் போகிற கிளையும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலும், ஐந்து விரலையும் அகல விரிக்க முடியாவிட்டாலும் அதே கதைதான். இதில் ஒன்று இருந்தாலும் நரம்பு டாக்டரிடம் போய்விடு, தள்ளிப் போடாதே. வெறும் மரமரப்பு மட்டும் என்றால் ஓட்டுவதை நிறுத்தினாலே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சில வாரம் பிடிக்கும். தைலம் போட்டு அந்த மேட்டை அழுத்தித் தேய்க்காதே. கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துத் தூங்குகிற பழக்கத்தையும் விடு. அதே நரம்பு முழங்கையிலும் தோலுக்குப் பக்கத்தில்தான் போகிறது.

ஏன் வந்தது என்று கேட்டால், முதலில் சீட்டைப் பார்ப்பேன். சீட்டின் மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க இரண்டு கையும் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட் சமமாக இருக்க வேண்டும், போனில் மட்டம் பார்க்கலாம். அடுத்து, ஹேண்டில்பார் சீட்டை விட ரொம்பத் தாழ்ந்திருக்கக் கூடாது. முழங்கையை விறைப்பாக நீட்டி வைத்திருந்தால் ரோட்டுக் குலுக்கல் அத்தனையும் உள்ளங்கையில்தான் இறங்கும். டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் கிளம்பும் முன்பே சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு நீ கேட்கிற நிலையில் இல்லை, நானும் சொல்கிற நிலையில் இல்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

வண்டிக்கு வருகிறேன். மாமல்லபுரம் தாண்டியதிலிருந்து கடல் காற்று குடித்த வண்டி அது. வேதாரண்யம் உப்பளம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, தூத்துக்குடி உப்பளம் எல்லாம் சேர்ந்து சந்து பொந்தெல்லாம் உப்பு இறங்கியிருக்கும். ஓட்டம் முடிந்துவிட்டதே என்று சுவரில் சாய்த்து வைக்காதே. உப்புக்குக் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. மழையே படாமல் கூரைக்கு உள்ளே நிற்கிற வண்டியும் அதனால்தான் துருப்பிடிக்கிறது. ஓடும்போது கூட அவ்வளவு கெடாது, நிற்கும்போதுதான் கெடும்.

கழுவுவதற்கு முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார். கடலோரத்துப் போர்த் தண்ணீர் சில இடத்தில் உப்பாகவே இருக்கும். அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். நல்ல தண்ணீர் இரண்டு பக்கெட் போதும். பீய்ச்சி அடிக்கிற பம்பு வேண்டவே வேண்டாம், அது உப்புத் தண்ணீரை ஹப்புக்கு உள்ளேயும் பெடல் சுற்றுகிற பி.பி. அச்சுக்கு உள்ளேயும் தள்ளி, கிரீஸை வெளியே தள்ளிவிடும். மேலிருந்து மெதுவாக ஊற்று, ஷாம்பு போட்டுத் துணியால் துடை, மறுபடி ஊற்று. சக்கரக் கம்பியை இறுக்குகிற நிப்பிள் ரிம்முக்குள் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும், பிரேக்கின் மடிப்புகளிலும், கேரியர் போல்ட் தலையிலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய். பிறகு சீட் கம்பியை உருவி எடுத்துவிட்டு வண்டியைக் கவிழ்த்து வை. சட்டத்துக்கு உள்ளே நிற்கிற தண்ணீர் வடியட்டும்.

சீட் கம்பியை உருவச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் சட்டம் இரும்பு, கம்பி அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து, வெள்ளையாகப் பூத்து, உப்பி இறுகிவிடும். சில மாதம் விட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது, அறுக்க வேண்டியதுதான். உருவியதும் துடைத்து, கிரீஸ் மெல்லிசாகப் பூசிச் செருகு. உருவும் முன் எந்த உயரத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்.

செயினுக்கு மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் டீசல். பனியன் துணியில் நனைத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்று. துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை செய். ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ ஒரு சொட்டும் படக் கூடாது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணல் மாவு மாதிரி இருக்கும். எண்ணெயோடு சேர்ந்துவிட்டால் அது உப்புத்தாள் வேலை செய்யும். காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், நாலு சுற்று, கொஞ்ச நேரம் விட்டு வெளியே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிடு. வேண்டியது உள்ளே இருக்கிற எண்ணெய்தான், வெளியே இருப்பது மணலைப் பிடிக்கத்தான் உதவும். தேங்காய் எண்ணெய் போடாதே. டபிள்யூடி 40 ஈரத்தை விரட்டும், செயின் ஆயிலுக்குப் பதிலாக நிற்காது.

செயின் தேய்ந்ததா என்று ஸ்கேல் வைத்துப் பார். ஒரு ஊசியின் மையத்திலிருந்து 24 கண்ணி எண்ணினால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம் இருக்கும். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். ஒரு நூல் கூடிவிட்டால் பின்னால் இருக்கிற பல் சக்கரமும் சேர்ந்து போய்விட்டது. புதுச் செயின் அதில் நிற்காமல் எகிறும்.

ஒரு சக்கரக் கம்பி கூட உடையவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாமே. 36 கம்பி, மூன்று குறுக்குப் பின்னல், பித்தளை நிப்பிள். கேரியரில் அவ்வளவு மூட்டை வைத்து 800 கிலோமீட்டருக்கு மேல் வந்த பின் சக்கரம் அது. சாதாரணமாக பல் சக்கரப் பக்கத்துக் கம்பிகள்தான் வளைவில் அறும். அந்தப் பக்கம் இழுப்பு அதிகம், மூட்டையும் பின்னால்தான். கம்பி நின்றதற்குக் கட்டின கை மட்டும் காரணம் இல்லை. குழி வரும்போது சீட்டிலிருந்து எழுந்து ஓட்டினால்தான் கம்பி பிழைக்கும். அதை நீ செய்திருக்கிறாய். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சுண்டிப் பார், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். தொளதொளத்தது இருந்தால் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதே. கோட்டம் எடுப்பதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

உன்னைப் பெண் கேட்ட திருநகர்க்காரர்களுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். இனி அவர்கள் கேட்க மாட்டார்கள்.

டயரைக் கழற்றி உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். முள் உடைந்து நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். பஞ்சர் ஒட்டினாலும் மறுநாள் அதே இடத்தில் காற்று இறங்கும். துணி நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. விரலால் தடவாதே, அதுவும் அந்த மரத்த விரலால் வேண்டாம், குத்தினால் தெரியாது.

கன்னியாகுமரியிலிருந்து மதுரைக்கு நாலு வழிச்சாலையில் ஓட்டியே வந்துவிடலாம் என்று மனதில் வைத்திருக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேண்டாம். போகும்போது வாடைக்காற்று உங்கள் முதுகைத் தள்ளியது. வடக்கே திரும்பினால் அதே காற்று முகத்தில். திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர் என்று நிழலில்லாத ரோடு, லாரிக்காற்றும் பக்கத்தில் இழுக்கும். முகக் காற்றில் குனிந்துதான் ஓட்ட வேண்டும், குனிந்தால் பாரம் கையில். பிரேக் பிடிக்க இரண்டு கையும் நம்பிக்கையாக இருக்க வேண்டும். தாள் சோதனையைச் செய்தாயா?

ரயிலில் வா. டிக்கெட் எடுத்த பிறகு, அதைக் காட்டிச் சைக்கிளை லக்கேஜாகப் போடு. பார்சலாகப் போட்டால் நீ வருகிற வண்டியிலேயே வரும் என்று சொல்ல முடியாது. நாகர்கோவில் கன்னியாகுமரி இரண்டில் எங்கிருந்து வந்தாலும், அங்கேயே புறப்படுகிற வண்டியாகப் பார்த்து ஏறு. வழியில் நிற்கிற வண்டியில் ஏற்ற நேரம் கிடைக்காது. முன்கூட்டியே போய் பார்சல் ஆபீஸில் நில், அடையாள அட்டை நகல் வைத்துக்கொள். லைட், மீட்டர், பம்பு, பாட்டில் எல்லாம் கழற்றிப் பையில் போட்டுவிடு. செயினைப் பின்னால் பெரிய பல் சக்கரத்துக்கு ஏற்றி வை, கியர் மாற்றுகிற டீரெய்லர் உள்பக்கம் ஒதுங்கும். அதன் மேல் அட்டை, அதற்கு மேல் சாக்கு, கயிறு. இறக்கி ஏற்றுகிறவர்கள் எதைப் பிடித்து இழுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அட்டையில் மதுரை சந்திப்பு என்றும் உன் பெயரும் போன் நம்பரும் இரண்டு பக்கமும் பெரிதாக எழுது. பெடலைக் கழற்று, 15 நம்பர் ஸ்பேனர். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மறந்து முறுக்கினால் கிராங்க் மரை போய்விடும்.

உட்காருமிடத்துப் புண் இருந்தால் அம்மாவிடம் பேசு. அவள் கேட்பாள், நான் கேட்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்தால் திடீரென்று ஓட்டுவதை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் அரை மணி மெதுவாக நட. வேதாரண்யத்திலிருந்து பேசியதற்குப் பிறகு நீ எனக்குப் பேசவில்லை என்பதை நான் ஒரு குறையாக எழுதவில்லை, ஆனால் வழி முழுக்க ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லக்கேஜ் சீட்டு வாங்கியதும் எந்த வண்டி என்று அம்மாவிடம் சொல்லிவிடு. சாமான் ஏற்றுகிற பிரேக் வேன் பிளாட்பாரத்தின் எந்த முனையில் நிற்கும் என்று நான் முன்னமே போய்க் கேட்டு வைத்துவிடுகிறேன். நீ வந்து தூக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: செயினை அங்கே வாங்காதே. உன் வண்டிக்கு எட்டு ஸ்பீடு செயின்தான், கடையில் எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணி எண்ணிக்கையைப் பழையதோடு வைத்து அளந்து வெட்டிக்கொள்ளலாம்.