நிக்கல்சனின் போர் சவுத்தாம்ப்டனோடு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிரிட்டிஷ் போர் விமானி ஜேம்ஸ் பிரிண்ட்லி நிக்கல்சனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் 1940 ஆகஸ்ட் 16ஆம் தேதிச் சண்டையைச் சொல்லிவிட்டு, அந்த நவம்பரில் அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டதோடு கட்டுரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நாலரை ஆண்டுகள் அவர் சேவையில் இருந்தார். அதில் பெரும்பகுதி நம் பக்கத்தில், வங்காளத்திலும் பர்மா போர்முனையிலும் கழிந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

சொன்ன பாதியிலும் முக்கியமான ஒருவர் விடுபட்டிருக்கிறார். அன்று 249ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவிலிருந்து மூன்று ஹரிகேன் போர் விமானங்கள் சேர்ந்து பறந்தன. தெற்கு இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டன் அருகே ஜெர்மன் விமானங்கள் பின்னாலிருந்து தாக்கியதில் இரண்டு விமானங்கள் தீப்பிடித்தன. ஒன்று நிக்கல்சனுடையது. மற்றொன்று மார்ட்டின் கிங் என்ற இளைஞனுடையது. இருபது வயது நிரம்பாத பையன். அவனும் குதித்தான், ஆனால் பாதி வழியிலேயே பாராசூட் செயலிழந்துவிட்டது. கீழே விழுந்து இறந்துபோனான். நிக்கல்சனின் வீரத்தை எழுதும்போது அதே சில நிமிடங்களில் உயிரைக் கொடுத்த இவனை ஒரு வரியிலாவது குறிப்பிட வேண்டாமா?

ஹரிகேனில் விமானிக்கு நேர் முன்னால், கருவிப் பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பெட்ரோல் டேங்க் உண்டு. அதில் குண்டு பட்டால் தீ நேராக முகத்துக்கும் கைக்கும்தான் வரும். நிக்கல்சனுக்கு நடந்தது அதுதான். ஒரு குண்டு இமையைக் கிழித்து ஒரு கண்ணை ரத்தம் மறைத்துவிட்டது, இன்னொன்று காலில் பட்டது. குதிக்கத் தயாரானவர், எதிரே மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் விமானம் வருவதைப் பார்த்ததும் மீண்டும் இருக்கையில் உட்கார்ந்து சுட்டார். எஞ்சின் விசையைப் பிடித்திருந்த கை தீயிலேயே இருந்தது. அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. இதைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தவரைக் கீழே இருந்த ஊர்க்காவல் படையினரே ஜெர்மானியர் என்று நினைத்துச் சுட்டதை ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. ஹாலந்தில் ஜெர்மன் பாராசூட் படை இறங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்து முழுக்க அந்தப் பயம் இருந்தது. அதைச் சொன்னால் யாருக்கும் இழுக்கு இல்லை, அந்தக் கோடைகாலம் எப்படிப்பட்டது என்று வாசகருக்குப் புரியும்.

போர் விமானிகளை அவர்கள் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையை வைத்து எடை போடுவது வழக்கம். இன்னொரு பிரிட்டிஷ் விமானியான ஜானி ஜான்சனின் கணக்கில் 34 விமானங்கள் உண்டு, அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்கவில்லை. நிக்கல்சனுக்கோ அதுதான் முதல் வான்சண்டை. அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டில் இந்த விருதைப் பெற்ற ஒரே விமானி அவர்தான். விருதை வாங்கிக்கொள்ளவே அவர் கூச்சப்பட்டதாகச் சொல்வார்கள். பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

தீக்காயம் ஆறப் பல மாதங்கள் ஆயின. 1941இல் மறுபடி பணிக்கு வந்து ஒரு பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார். விரும்பியிருந்தால் அப்படியே இங்கிலாந்தில் காலம் தள்ளியிருக்கலாம், விக்டோரியா கிராஸ் வீரரை யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவர் 1942இல் இந்தியாவுக்கு வந்தார். 1943 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு 27ஆவது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கினார். திரிபுராவின் அகர்தலாவில் இருந்த அந்தப் படையிடம் பியூஃபைட்டர், மாஸ்கிட்டோ விமானங்கள் இருந்தன. மலைகளைத் தாண்டிப் போய், மரங்களை உரசுகிற உயரத்தில் பறந்து, பர்மாவில் ஜப்பானியரின் ரயில்களையும் ஆற்றுப் படகுகளையும் தாக்குவதுதான் வேலை. இதற்காக 1944இல் அவருக்கு விமானப் படை வீரர்களுக்கான டி.எஃப்.சி. பதக்கம் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பதக்கத்தின் கனம் முதலாவதற்குக் குறைந்ததல்ல. அது சில நிமிடங்களின் துணிச்சலுக்காக வந்தது, இது உடம்பில் தீத்தழும்போடு மாதக்கணக்கில் மற்றவர்களை வழிநடத்தியதற்காக வந்தது.

பர்மா போர்முனை தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதும் அல்ல. 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய தமிழர்கள் எத்தனை பேர்! மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம். இந்தப் போர்முனையை நம் பத்திரிகையே ஒதுக்கினால் வேறு யார் எழுதுவார்கள்?

1945 மே 2ஆம் தேதி, ரங்கூன் பக்கம் குண்டு வீசப் புறப்பட்ட 355ஆவது ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் ஒன்றில் நிக்கல்சன் பார்வையாளராக ஏறினார். அப்போது அவர் விங் கமாண்டர். அந்தப் பயணத்தில் போக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. வழியில் எஞ்சின் தீப்பிடித்து விமானம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. 28 வயது முடிந்து மூன்றே நாள். ஜப்பானியர் அதற்குள் ரங்கூனைக் காலி செய்துவிட்டிருந்தார்கள், மறுநாள் இந்தியப் படை நகருக்குள் நுழைந்தது. அப்புறம் ஐந்தே நாளில் ஐரோப்பாவில் போர் முடிந்தது.

1983இல் அவர் மனைவி மியூரியல் பதக்கங்களை ஏலம் விட்டார். போர் விதவைகளுக்குத் தரும் ஓய்வூதியம் போதவில்லை என்பதற்கான எதிர்ப்பு அது. பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகம் 1,10,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் பெற்றவரின் மனைவி அந்தப் பதக்கத்தையே விற்று நியாயம் கேட்க வேண்டியிருந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

கட்டுரையைத் தொகுப்பாகக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், பர்மா ஆண்டுகளையும் மார்ட்டின் கிங்கின் பெயரையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு தகவல்: கல்லறை இல்லாத நிக்கல்சனின் பெயர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் ஏராளம். அவற்றில் உள்ள தமிழர்களைப் பற்றியும் யாராவது எழுதி அனுப்பினால் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி